சைக்ளேடிக் பாவை: சொல் விளக்கம்

கிரேக்கத்தின் ஏஜியன் கடல் தீவுகளில் கி.மு. 3200 முதல் 2000 வரையிலான காலத்தில் செதுக்கப்பட்ட கல்லுருவங்களை ஆங்கில நூல்கள் 'சைக்ளேடிக் ஐடல்' என்று சொல்லிப் பழகிவிட்டன. தமிழில் இதற்கு என்ன சொல்வது?

'சைக்ளேடிக்' என்பது இடப்பெயர். டீலோஸ் என்ற புனிதத் தீவைச் சுற்றி வளையமாக அமைந்ததால் அந்தத் தீவுக்கூட்டத்துக்கு, வட்டம் எனப் பொருள்படும் 'குக்லோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. நாம் ஓட்டும் சைக்கிளுக்கும் அதே வேர்தான்; வடமொழிச் 'சக்கரம்' அதற்கு உறவு. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் 'ஐடல்' என்பதில்தான். கிரேக்கத்தில் 'எய்தோலோன்' என்றால் உருவம், நிழலுரு, அவ்வளவே. கிறிஸ்தவ வழக்கில்தான் அது பொய்த்தெய்வச் சிலை என்று பொருள் மாறியது. அதை நம்பி 'விக்கிரகம்' என்று எழுதினால், இவற்றை யாரோ பூசித்தார்கள் என்று நாமே முடிவு கட்டியதாகிவிடும். பல உருவங்கள் கல்லறைகளில் கிடைத்தன. கேரோஸ் தீவில் உடைந்த துண்டுகளாகக் குவிந்து கிடந்தன. பூசை நடந்ததற்கு உறுதியான சான்று இல்லை.

'சிற்றுருவம்' எனலாமா? பெரும்பாலானவை ஒரு முழத்துக்குள் அடங்குபவை, சரி. ஆனால் அமோர்கோஸ் தீவின் பாவை ஒன்று சுமார் 1.5 மீட்டர் உயரம். எனக்குப் பிடித்த சொல் 'பாவை'. அளவையும் வழிபாட்டையும் அது பேசுவதில்லை. கைகளை வயிற்றின்மேல் மடித்து வைத்த பெண்ணுருவங்களே மிகுதி என்பதால் பொருத்தமும் கூடுகிறது. கேரோஸில் கிடைத்த யாழிசைப்பவர் ஆணாயிற்றே என்பீர்கள். தோல்பாவைக் கூத்தில் இராவணனும் பாவைதானே!

அடுத்து, கல். 'பளிங்கு' என்று பலரும் எழுதுகிறோம். ஆனால் 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று வள்ளுவர் சொல்வது தெளிந்த படிகத்தை. நாக்சோஸ், பாரோஸ் தீவுகளின் வெண்கல்லுக்குச் 'சலவைக்கல்' என்பதே குழப்பமில்லாதது.

பாவைகளைச் செதுக்கினார்கள் என்பதைவிடத் தேய்த்தார்கள் என்பதே சரி. நாக்சோஸில் எமரி என்ற கடினக் கல் ஏராளம். அதில் உள்ள கனிமம் குருந்தம். சாணை பிடிக்க உதவுவதும் அதுதான். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்தே போனது. எமரியால் தட்டித் தேய்த்து உருவமாக்கி, மீலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடிச் சில்லால் கோடு கீறி, எரிமலை நுரைக்கல்லால் மெருகேற்றினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. முகத்தில் புடைத்து நிற்பது பெரும்பாலும் மூக்கு மட்டும்.

கண்ணும் முடியும் எங்கே? அவை தீட்டப்பட்டன. நீலத்துக்கு அசுரைட் என்ற செம்புக் கனிமம், சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற பாதரசக் கனிமம். மோதிலியானி, பிரான்குஷி போன்ற நவீனக் கலைஞர்களை ஈர்த்த வெறும் வெண்மை, வண்ணம் உதிர்ந்தபின் எஞ்சியது. வண்ணம் பூசிய இடத்தில் கல் அவ்வளவாக அரிக்கப்படாததால் அந்தப் பகுதி மழமழவென்று சற்றே உயர்ந்து தெரியும். சாய்வாக வெளிச்சம் விழுந்தால் கண்ணின் வடிவமே புலப்படும். ஆங்கிலத்தில் இதை வண்ணத்தின் 'ஆவி' என்கிறார்கள். நமக்கு 'வண்ணத்தடம்' போதும்.