மோட் என்றால் அகழி

பங்குச் சந்தைப் பேச்சில், கணினிச் சில்லுகளில் என்விடியாவோடு போட்டியிடும் ஏஎம்டியின் பெயர் அடிபட்டால், "சில்லு நல்லாத்தான் இருக்கு, ஆனா என்விடியாவுக்கு மோட் இருக்கே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது என்ன மோட்?

கோட்டையைச் சுற்றி வெட்டிய பள்ளம், அதாவது அகழி. முதலீட்டு மொழியில், போட்டியாளர் எளிதில் தாண்டிவர முடியாதபடி ஒரு நிறுவனத்தின் லாபத்தைக் காக்கும் அனுகூலம். இந்தப் பொருளைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். தன் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு எழுதிய 1986ஆம் ஆண்டுக்கான கடிதத்தில், கெய்கோ காப்பீட்டு நிறுவனத்தின் குறைந்த செலவை அகழி என்று வருணித்தார்.

வேடிக்கை என்னவென்றால், பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்குப் பொருள் மண்மேடு. மேட்டில் கோட்டை, அதைச் சுற்றிப் பள்ளம் என்று இருந்ததில், ஆங்கிலத்தில் பெயர் மேட்டை விட்டுப் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. அகழ்ந்தது அகழி; அகழாய்வுக்கும் அதே வேர். கிடங்கு என்றும் பழைய பெயர் உண்டு, ஆனால் இன்று அது கோடவுன் ஆகிவிட்டது. ஏகபோகம் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. போட்டியே இல்லாத நிலை அது. அகழி இருக்கும் இடத்தில் போட்டியாளர் அக்கரையிலேயே நிற்கிறார்.

சரி, என்விடியாவின் அகழி எது? பெரும்பகுதி மென்பொருள். 2006இல் அறிவித்த குடா என்ற நிரலாக்கத் தளத்தின் மேல்தான் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதிவந்தார்கள். ஏஎம்டியின் மாற்றான ராக்கெம் வந்ததோ 2016இல். 2023 இறுதியில் ஏஎம்டி வெளியிட்ட எம்ஐ300எக்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவுச் சில்லில் 192 ஜிபி நினைவகம். அப்போது எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த என்விடியாவின் எச்100இல் 80. 7,000 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு, எண்ணுக்கு 16 பிட், அதாவது 2 பைட் என்ற துல்லியத்தில் 140 ஜிபி வேண்டும். அதாவது ஏஎம்டியில் ஒரு சில்லு போதும், என்விடியாவில் இரண்டு. ஆனாலும் ஆர்டரில் பெரும்பகுதி என்விடியாவுக்கே போனது. குடாவுக்கென்று செதுக்கிய நிரலை மாற்றி, பிழை திருத்தி, பழைய வேகத்துக்குக் கொண்டுவரும் பொறியாளரின் மாதங்களுக்கும் சம்பளம் உண்டே!

முதலீட்டாளர் ஏஎம்டியின் வருங்கால லாபத்தில் கழித்துக்கொள்வது இதைத்தான். கழிப்பது நியாயம். அகழி என்றைக்கும் அதே அகலத்தில் இருக்கும் என்று கழிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சர்வர் சில்லுகளில் இன்டெலை அசைக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் பேச்சு. அதன் உற்பத்தி நுட்பம் தாமதமானது, ஏஎம்டி தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியிடம் போய்ச் சில்லு செய்தது, 2022இல் சந்தை மதிப்பில் இன்டெலை முந்தியது. ஆனால் என்விடியா இன்டெலைப் போலத் தடுமாறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2025 அக்டோபரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, 6 கிகாவாட் மின்சாரம் இழுக்கும் அளவுக்கு ஏஎம்டி சில்லுகள் வாங்குவதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் ஏஎம்டி பங்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அகழியைத் தாண்டப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தயார் என்பதுதான் அன்றைய புதுச் செய்தி. சும்மா தாண்டவில்லை. இலக்குகள் நிறைவேறினால் 16 கோடி பங்குகள் வரை, பங்குக்கு ஒரு சென்ட் விலையில், ஓபன்ஏஐக்குக் கொடுப்பதாக ஏஎம்டி ஒப்புக்கொண்டிருக்கிறது.