கிராண்ட்: மானியமா, நல்கையா?

"சாருக்கு கிராண்ட் வந்திருக்கு" என்று துறையில் பேச்சு கிளம்பினால் போதும், கேட்பவர்களில் பாதிப் பேர் அவர் புதுக் கார் வாங்கப்போகிறார் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆய்வுத் திட்டத்துக்காக வெளி அமைப்பு ஒன்று தருகிற பணம்தான் கிராண்ட், ஆனால் அந்தச் சொல்லை நாம் மானியம் என்றே தமிழாக்கிப் பழகிவிட்டோம், மானியம் என்றால் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற பணம்தானே?

முதலில் கிராண்ட். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், வேர் இலத்தீனில் 'நம்புதல்' என்று பொருள்படும் 'கிரேதெரே'. கடன் தருகிறார்களே கிரெடிட், அதற்கும் இதே வேர்தான். பிரெஞ்சில் வாக்குக் கொடுத்தல், உறுதி சொல்லுதல் என்று இருந்தது, பிறகு கேட்டதற்கு இசைதல், கேட்டதைத் தருதல் என்று நகர்ந்தது. ஆக, சொல்லுக்குள்ளே இருப்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் அழகை, ரயில் டிக்கெட்டின் ஒரிஜினல் எங்கே என்று கேட்டு மூன்றாவது முறையாக ஃபைல் திரும்பி வரும்போதுதான் பார்க்க வேண்டும்.

மானியம் வடமொழி 'மான்ய'விலிருந்து வந்தது, மதிப்புக்குரியது என்று பொருள். கோயிலுக்கும் புலவருக்கும் ஊர்ப் பணி செய்தவருக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு அந்தப் பெயர். தமிழில் இதற்கு இறையிலி என்ற நல்ல சொல் உண்டு, இறை என்றால் வரி. நிலம் போய் ரொக்கம் வந்தபோதும் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. உர மானியம், எரிவாயு மானியம் என்று விலையில் தருகிற சலுகைக்கும் அதுதான், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைக்கும் அதுதான், பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் அதுதான். ஒரே சொல்லின் தலையில் இத்தனை மூட்டை.

நல்கை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. நல்குதல் என்றால் விரும்பிக் கொடுத்தல், அருளுதல். பழைய அகப்பாடல்களில் இது பணம் சம்பந்தப்பட்ட சொல்லே இல்லை, தலைவன் தலைவியிடம் காட்டும் அன்பு. 1181ஆம் குறளில் 'நயந்தவர்க்கு நல்காமை நேர்ந்தேன்' என்று தலைவி சொல்கிறாளே, அந்த நல்காமை பிரிவைக் குறிக்கிறது. (ஆய்வுக்கு நிதி கேட்டுக் கருத்துரு அனுப்பிவிட்டு எட்டு மாதமாகப் பதிலுக்குக் காத்திருப்பவருக்கும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.) நல்கைக்கு உள்ள பெரிய வசதி, சப்சிடியோடு குழம்பாது என்பதுதான்.

அப்புறம் ஸ்பான்சர். இலத்தீனில் அவர் பிணை நிற்பவர், 'நான் பொறுப்பு' என்று முறையாக வாக்குக் கொடுத்தவர். தமிழில் உடனே நினைவுக்கு வருவது புரவலர். புரத்தல் என்றால் காத்தல், சங்கப் பாட்டுகளில் இரவலரும் புரவலரும் ஜோடியாகவே வருவார்கள். ஆனால் எந்தப் புரவலரும் யானையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு ஆண்டு முடிவில் யானையின் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டதில்லை. அதனால் ஆய்வுக்குப் பணம் தருகிற அமைப்பை நிதி வழங்கும் நிறுவனம் என்று சொல்லிவிடுவதே மேல். ஸ்பான்சர்டு ரிசர்ச் என்பதற்கு என்னைக் கேட்டால் புறநிதி ஆய்வு என்பேன், பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் நடக்காத ஆய்வு என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொடை என்றால் கொடுத்தவர் கணக்குக் கேட்டு நிற்பதில்லை. ஒப்பந்த ஆய்வு என்றால் இன்ன தேதிக்குள் இன்னது வேண்டும் என்று பேசி வாங்குவது. நல்கை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் பணம் எதற்குப் போனது என்று கட்டாயம் கேட்பார்கள். இன்னொன்று, பெரும்பாலும் நல்கை பேராசிரியர் பெயருக்கு வருவதில்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான் வருகிறது. முதன்மை ஆய்வாளர் அதைச் செலவழிக்கும் பொறுப்பில் இருப்பவர், அவ்வளவுதான்.

அலுவலகத் தமிழில் இதற்கெல்லாம் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன. புரொபோசல் கருத்துரு, சாங்ஷன் ஒப்பளிப்பு, பட்ஜெட் ஹெட் தலைப்பு. வந்த பணத்தைச் செலவு வகைவாரியாகப் பிரித்து வைக்கிற இந்தத் தலைப்பு பொல்லாதது. ஒரு திட்டத்தில் கருவித் தலைப்பில் பணம் மிச்சமிருந்தது, வேதிப்பொருள் தலைப்பு காலி. பணம் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து நாங்கள் கரைப்பான் பாட்டில்களைக் கருவி வரிசையில் எழுதி அனுப்பிவிட்டோம். தணிக்கையில் வந்தவர் பில்லைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், "இதுக்கு வரிசை எண் எங்கே?" என்றார். ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றும் மறு ஒதுக்கீட்டுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

கடைசியாக ஓவர்ஹெட். பாடநூல்கள் மேற்செலவு என்கின்றன, எனக்கு மறைமுகச் செலவு பிடிக்கிறது. மின்சாரம், நூலகம், கட்டடம், கணக்குப் பிரிவு என்று எந்த ஒரு திட்டத்தின் பெயரிலும் தனியாக எழுத முடியாத செலவு. இதில்தான் சண்டையே. 50% என்றதும் பாதிப் பணத்தைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்கிறது என்று கொதிப்பார்கள். இந்த விகிதத்தை நேரடிச் செலவின் மேல் கணக்கிடும் இடங்களில், 100 ரூபாய் நேரடிச் செலவுக்கு மேலே 50 வருகிறது, மொத்தம் 150, அதில் மறைமுகச் செலவு மூன்றில் ஒரு பங்கு. மொத்தத் தொகைக்குள்ளேயே பிடித்துக்கொள்கிற இடங்களில் கணக்கு வேறு, ஒப்பளிப்பு ஆணையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அரசு நிதித் திட்டங்களில் இந்த விகிதத்தின் நிர்வாகப் பகுதிக்கு மட்டும் 1991 முதல் 26% என்று உச்சவரம்பு இருக்கிறது.

சரி, இவ்வளவு பேசுகிற நான் போன முறை ஆண்டறிக்கையில் 'பெறப்பட்ட நல்கை' என்று எழுதி அனுப்பினேன். "சார், நல்கைன்னு ஒரு தலைப்பே நம்ம லெட்ஜர்ல இல்லையே, மானியம்னு மாத்திடட்டுமா?" என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. மாத்திடுங்க என்றேன்.