நிமிடத்துக்கு 3,600 சுற்று: பழைய புல்வெட்டி வண்டி மறுபடி ஓடுவது எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹொரிகான் என்றொரு சிற்றூர். அங்கிருந்த ஜான் டியர் நிறுவனத்தின் ஆலையிலிருந்து 1963-இல் ஒரு குட்டி டிராக்டர் வெளிவந்தது. வீட்டுப் புல்வெளியில் ஏறி உட்கார்ந்தபடியே புல் வெட்டுவதற்கான வண்டி. பெயர் 110. கோலர் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், 7 குதிரைத்திறன். அந்த வயதுடைய வண்டிகளைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து, கழற்றிப் பூட்டி ஓடவிடுவதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது.

இந்த வேலை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், இதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதுதான். கணிப்பொறி கிடையாது, சென்சர் கிடையாது. பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே முழு வண்டியையும் புரிந்துகொள்ளலாம். ஒரே ஓர் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும்: நிமிடத்துக்கு 3,600 சுற்று. இன்ஜினுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் அது. வண்டியின் மற்ற பாகங்கள் எல்லாம் அதை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

பல வருடம் சும்மா நின்ற வண்டி கிளம்பவில்லை என்றால், இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி பெட்ரோல்தான். தேங்கிக் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் தேன் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது ஈரத்தையும் இழுத்திருக்கும். உலோகத்தின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவு பெட்ரோலை மேலே உறிஞ்சும். பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையோ மிகச் சிறியது. பிசின் அதைப் பாதி அடைத்தாலே இன்ஜின் பட்டினி. கிளீனரில் ஊறவைத்து காற்றடிக்க வேண்டும். கம்பியை விட்டுக் குடையவே கூடாது, துளை பெரிதாகிவிட்டால் அளவு போய்விடும்.

அப்புறம் தீப்பொறி. உச்ச வேகத்தில் இன்ஜின் வினாடிக்கு 60 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி, ஆக வினாடிக்கு 30. இதை நடத்துவது பாயிண்ட் எனப்படும் ஒரு சின்னஞ்சிறு ஸ்விட்ச். அது மூடியிருக்கும்போது காயில் எனும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உருவாகும். திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரியும். அந்தச் சரிவுதான் காயிலின் இரண்டாவது கம்பிச்சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும்பி பிளக்கில் பாயும். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், பொறியும் முந்திக்கொள்ளும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்பு பொறி வர வேண்டும் என்பது இந்த இன்ஜினின் கணக்கு. 3,600 சுற்றில் அந்த 20 டிகிரியைக் கடக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை நுழைத்து, லேசாக உரசும் பதத்தில் ஸ்குரூவை இறுக்கும்போது விரல் அளப்பது அந்த மில்லிவினாடியைத்தான்.

துருவுக்குச் சலவைச் சோடா போதும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் மாட்டி மூழ்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் துரு கறுத்து, தூரிகை பட்டதும் உதிரும். நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் கரைந்து வரும். அலுமினியப் பாகங்களை இந்தத் தொட்டியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

110-இல் என்னை நெடுநேரம் நிற்கவைக்கும் பாகம் அதன் பெல்ட் அமைப்பு. நடுவில் ஒரு புல்லி, அதில் இரண்டு வி-பெல்ட்: ஒன்று இன்ஜினிலிருந்து வருவது, மற்றது சக்கரங்களின் பக்கம் போவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தட்டு பக்கவாட்டில் நகரும். ஒரு பக்கத்துப் பள்ளம் அகலமானால் அந்த பெல்ட் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் ஓடும். மறுபக்கப் பள்ளம் குறுகி அடுத்த பெல்ட் வெளியே ஏறும். இன்ஜின் சுற்று மாறாமலே வண்டியின் வேகம் மாறிவிடும். நம்மூர் கியரில்லா ஸ்கூட்டரிலும் பள்ளம் அகன்று குறுகும் இதே தந்திரம்தான். வி-பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் பக்கச் சுவர்களை. தேய்ந்து மெலிந்த பெல்ட் அடித்தளத்தில் உட்கார்ந்துவிட்டால் வழுக்கத் தொடங்கும், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

சரி, ப்ளேடுக்கு வருவோம். 21 அங்குல ப்ளேடு நிமிடத்துக்கு 3,400 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அமெரிக்கத் தர விதி அனுமதிக்கும் உச்சத்தை ஒட்டிய வேகம் இது. ப்ளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனியுங்கள். சுழலும்போது அது காற்றை மேலே தள்ளும், படுத்திருக்கும் புல் எழுந்து நிற்கும், முன்விளிம்பு வெட்டும். சாணை பிடிக்கும்போது ஒரு பக்கம் 10 கிராம் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அந்தக் குறை இருந்தால், ப்ளேடு சுழலும்போது அது பேரிங்கை இழுக்கும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். வினாடிக்கு 57 முறை, ஒவ்வொரு திசையிலும். அதனால்தான் சுவரில் அடித்த ஆணியில் ப்ளேடைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் சமமாக நிற்கும்வரை தேய்க்கிறார்கள். கைவைக்கும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஓடத் தொடங்கிவிட்டால் அடுத்த ஆசை வேகம். இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில் விஸ்பரோ கிரீன் என்ற ஊரில் 1973-இல் சிலர் புல்வெட்டி வண்டிப் பந்தயமே தொடங்கிவிட்டார்கள். ப்ளேடைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சக்கரத்தின் வேகத்தைக் கூட்ட நேர்மையான வழி புல்லியை மாற்றுவது: இன்ஜின் பக்கம் பெரியது வைத்தால், இன்ஜின் தன் எல்லைக்குள்ளேயே இருக்க வண்டி விரைவாக ஓடும். ஆனால் வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக்கை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் புல்லியைத் தொடுங்கள்.

சிலர் இன்ஜினின் சுற்றை எல்லைக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றிவிட்டு இன்ஜினையே 5,000 சுற்றுக்கு விரட்டுகிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 3,600-இலிருந்து 5,000-க்குப் போனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடின் மேல் வரும் இழுவை ஏறக்குறைய இரு மடங்கு. அந்த ராட் அலுமினியம். அது உடைந்தால் இன்ஜின் பெட்டியையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜினோடு சுற்றும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரமான ஃப்ளைவீல் சிதறினால் அதைவிட மோசம்.

கவர்னர் என்பது உள்ளே பல்சக்கரத்தில் மாட்டிய குட்டி எடைகள்தான். சுற்று கூடினால் அவை விரிந்து, கார்புரேட்டரின் கதவான திராட்டிலை மூடும், குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திறக்கும். சரிசெய்த வண்டி முழங்கால் உயரப் புல்லுக்குள் நுழையும்போது காது கொடுத்துக் கேளுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு கணம் தாழும், உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி பழைய சுருதிக்கு ஏறிவிடும்.