பெயர் தெரியாத மரத்தை லேத்தில் ஏற்றும் முன்

கடைசல் வேலை செய்பவரிடம் மரத்துண்டுகள் தாமாகவே வந்து சேரும். காற்றில் விழுந்த கிளை, உடைந்த கட்டில் கால், சரக்குப் பலகை (பேலட்) என்று ஏதேதோ வரும். என்ன மரம் என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே தெரியாது. பலர் நிறத்தை வைத்து ஒரு பெயர் சூட்டிவிட்டுக் கடையத் தொடங்கிவிடுகிறார்கள். நிறத்தை நம்பவே கூடாது. வெயில் பட்டால் சில மரம் கறுக்கும், சில மரம் வெளுக்கும். சாயம் ஏற்றினால் எதுவும் ரோஸ்வுட் போலத் தெரியும்.

மரம் விழுந்த இடத்திலிருந்தே வந்தது என்றால் இலை, காய், பட்டை மூன்றையும் அன்றே படம் எடுத்துவிடுங்கள். பட்டையைச் சீவி எறிந்தபின் பாதி அடையாளம் போய்விடும்.

இலை இல்லாத கட்டைக்குக் குறுக்கு வெட்டு முகம்தான் சாட்சி. அந்த முகத்தை லேசாக நனைத்து, புது பிளேடால் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரே இழுப்பில் மெல்லச் சீவுங்கள். உப்புத்தாள் போட்டால் தூள் மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும், ஒன்றும் தெரியாது. 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மரத்தை அதன் அருகே கொண்டுவாருங்கள். துளையே இல்லையென்றால் பைன் போன்ற ஊசியிலை மரம். ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நின்றால் தேக்கு, ஆஷ் போன்றவை. துளைகள் எங்கும் பரவிக் கிடந்து, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நிற வட்டம் இருந்தால் தூங்குமூஞ்சி மரமாக இருக்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது சில்வர் ஓக். மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடும் அகலமான கதிர்க்கோடுகளைப் பார்த்ததும் ஓக் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பொதுவாகப் பலகையாக விற்கும் ஓக்கில் வளையத் தொடக்கத்தில் பெருந்துளை வரிசை இருக்கும். சில்வர் ஓக்கில் இருக்காது. இதன் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஆகவே பெயர் மாறினால் கை வெந்துபோகும்.

எடையும் உதவும். 3 x 3 x 10 செ.மீ. துண்டு 90 கன செ.மீ.; 72 கிராம் இருந்தால் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம். நன்கு காய்ந்த துண்டாக இருக்க வேண்டும், ஈர மரத்தில் தண்ணீரின் எடையும் சேர்ந்துவிடும். சிவந்த வைரம் (நடுக்கட்டை) வேங்கையோ என்று சந்தேகம் வந்தால், சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்புத் துணிக்கு முன்னால் வெயிலில் பிடியுங்கள், வேங்கையானால் தண்ணீர் நீலமாக மின்னும்.

சுவைத்துப் பார்ப்பதும் தூளை முகர்வதும் வேண்டவே வேண்டாம். அரளியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். சரக்குப் பலகையில் 'எம்.பி.' (MB) முத்திரை இருந்தால் மீதைல் புரோமைடு என்னும் பூச்சிக்கொல்லி நச்சுவாயுவால் புகை போட்டது, 'எச்.டி.' (HT) என்றால் வெப்பமூட்டியது.

அடையாளம் உறுதியாகும்வரை அந்த மரத்தில் உணவுக் கிண்ணம் கடையாதீர்கள், மேலே பாலிஷ் பூசினாலும் கீறல் விழும் இடத்தில் மரம் வெளியே வந்துவிடும். எந்த மரமானாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்ட ஒன்று. முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பு சில்லுகளைத்தான் நிறுத்தும், நுண்தூளை நிறுத்தாது. சீவலைக் கால்நடைக்குப் படுக்கையாகவும் கொடுக்காதீர்கள். கறுப்பு வால்நட் சீவலில் நின்ற குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி வந்து நடக்க முடியாமல் போயிருக்கிறது.