ஒளியியல் மாயை என்னும் தொல்லை

இந்தச் சொல்லை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். மானுமென்ட் வேலி கேமை ஒருவர் தமிழில் பேசிக்கொண்டே ஆடிக்காட்டும் காணொளி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐடா என்கிற அந்தக் குட்டி இளவரசி பாதை அறுந்த இடத்தில் நிற்கிறாள், இவர் ஒரு சக்கரத்தைத் திருப்புகிறார், எங்கோ கீழே கிடந்த மேடை சுழன்று வந்து அவள் காலடியோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிகிறது, அவள் பாட்டுக்கு நடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அதை ரசித்து முடிப்பதற்குள் "இதுதான் நண்பர்களே, ஒளியியல் மாயை" என்றார். நிறுத்திவிட்டேன்.

இதில் ஒளி எங்கே வந்தது?

ஆப்டிகல் இல்யூஷன் என்கிற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அதில் முதல் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, பார்வையைச் சார்ந்தது என்று பொருள். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய ஆப்டிக்ஸ் நூலே கண் எப்படிப் பார்க்கிறது, தள்ளியிருப்பது ஏன் சிறிதாகத் தெரிகிறது என்கிற வடிவியல்தான். ஒளியை ஆராயும் இயற்பியல் பிரிவின் பெயராக அது நிலைத்தது பிற்பாடு. இரண்டாவது சொல் இலத்தீன். லூடெரே என்றால் விளையாடுவது, இல்லூடெரே என்றால் ஒருவரிடம் விளையாட்டுக் காட்டுவது, கேலி பண்ணுவது, ஏமாற்றுவது. ஆக, கண்ணுக்கு விளையாட்டுக் காட்டுவது. புதிர் கேமுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் வேண்டுமா என்ன, ஆனால் தமிழாக்கியவர் வேர் வரைக்கும் போகவில்லை. பள்ளிப் பாடநூலில் ஆப்டிக்ஸ் என்றால் ஒளியியல், அப்படியானால் ஆப்டிகல் என்று எங்கே வந்தாலும் ஒளியியல், முடிந்தது வேலை. தெருமுனையில் 'ஆப்டிகல்ஸ்' என்று பலகை மாட்டியிருக்கும் கடையை யாராவது ஒளியியல் கடை என்கிறோமா? கண்ணாடிக் கடை என்றுதான் சொல்கிறோம். கடைத்தெருவுக்குத் தெரிந்தது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை.

சொல் அழகாயில்லை என்பதல்ல என் புகார். அது தவறான இடத்தைக் காட்டுகிறது. கானல் நீரில் குற்றவாளி ஒளிதான், தார்ச்சாலையை ஒட்டிய சூடான காற்றில் ஒளி உண்மையிலேயே வளைந்து வருகிறது. தண்ணீரில் பாதி அமிழ்ந்த குச்சி ஒடிந்தாற்போலத் தெரிவதும் அப்படித்தான். ஆனால் மானுமென்ட் வேலியில் ஒளி எந்தத் தப்பும் செய்யவில்லை. திரையில் இருப்பது அப்படியே ஒழுங்காகக் கண்ணுக்கு வந்து சேர்கிறது. அப்புறம் மூளைதான் அவசரப்படுகிறது. இரண்டு கோடுகள் திரையில் தொடுகின்றன, ஆகவே அந்த இரண்டு கல்லும் தொடுகின்றன என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. அந்தக் கேமின் காட்சியில் தள்ளிப்போகிற பொருள் சிறுக்காது, இணைகோடுகள் கடைசிவரை இணைகோடுகளாகவே ஓடும். எனவே எது கிட்டே எது எட்டே என்று சொல்ல அளவில் ஒரு தடயமும் இருக்காது. 1934இல் ஸ்வீடனில் ஓவியர் ஆஸ்கர் ரூட்டர்ஸ்வார்டு வரைந்த, நிஜத்தில் இருக்கவே முடியாத முக்கோணமும், 1958இல் பென்ரோஸ் தந்தையும் மகனும் இத்தகைய வடிவங்களைப் பற்றி எழுதிய கட்டுரையும், அதைப் பார்த்துவிட்டு ஓவியர் எஷர் வரைந்த முடிவில்லாத படிக்கட்டும் இதே இடைவெளியில்தான் விளையாடின. பென்ரோஸ் கட்டுரை வந்தது உளவியல் இதழில், இயற்பியல் இதழில் இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

2008இல் வந்த எக்கோக்ரோம் என்கிற கேம் இன்னும் அப்பட்டம். வெள்ளைத் திரை, கறுப்புக் கோடு, நடந்துகொண்டே இருக்கும் ஒரு மரப்பொம்மை. பாதையில் ஓட்டை இருந்தால், காட்சியைத் திருப்பி ஒரு தூண் அதை மறைக்கும்படி வைத்தால் போதும், மறைந்த ஓட்டை இல்லாத ஓட்டை, பொம்மை தாண்டிப் போய்விடும். நிழல் இல்லை, விளக்கு இல்லை, பளபளப்பு இல்லை. இதையும் ஒளியியல் என்பார்களாம்.

சரி, மாயை மட்டும் இருந்தால்? அதுவும் எனக்கு உறுத்துகிறது. வடசொல் என்பதால் இல்லை, நான் அந்தக் கட்சியில் இல்லை. மாயை ஏற்கெனவே பெரிய வேலையில் இருக்கும் சொல். வேதாந்தி உலகம் முழுவதையும் மாயை என்பார், சைவ சித்தாந்தியோ மாயையை உலகுக்கு முதற்காரணமான உள்பொருள் என்பார், பொய் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். இவ்வளவு பாரம் சுமக்கிற சொல்லை ஒரு கேமின் நாலாவது லெவலுக்கு இழுத்து வரவேண்டியதில்லை.

காட்சிப் பிழை என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 'நிற்பதுவே நடப்பதுவே' பாட்டில் வரும் பாரதியின் சொல், காதுக்கு இதமானது. பிசகு ஒளியில் இல்லை, காண்பதில்தான் என்பதையும் சரியாகச் சொல்கிறது. ஆனால் கேமுக்குள் அதைப் போட்டுப் பாருங்கள். கணினித் தமிழில் பிழை என்றால் எரர். "இந்த லெவலில் காட்சிப் பிழை உள்ளது" என்று எழுதினால் படிப்பவர் கிராபிக்ஸ் சொதப்பிவிட்டது, அப்டேட் வரும் என்றுதான் நினைப்பார். வேண்டுமென்றே இழைத்து இழைத்துச் செய்த ஒன்றைப் பிழை என்பது செய்தவரையும் அவமதிக்கிறது.

பாரதி அதே பாட்டில், அதற்குச் சில அடி முன்னாலேயே, தோற்ற மயக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் காட்சிப் பிழையைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள். என் வாக்கு இதற்குத்தான். மயக்கம் என்றால் தலைசுற்றி விழுவது ஆயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டார். அது ஒரு பொருள். மயங்குவது என்றால் கலப்பது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது. தொல்காப்பியத்தில் வேற்றுமை மயக்கம் என்று ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் வருவதைத்தான் சொல்கிறோம். திணை மயக்கமும் அப்படியே. பகலும் இரவும் கலக்கும் நேரத்தைப் பொழுது மயங்கும் நேரம் என்கிறோம். 2012இல் வந்த ஃபெஸ் கேமில் அதன் நாயகன் கோமஸ் உலகை ஒரு கால்வட்டம் திருப்பியதும், எட்டாத தொலைவிலிருந்த திட்டு பக்கத்துத் திட்டாகிறதே, அங்கே நடப்பது இதேதான், அண்மையும் சேய்மையும் மயங்குகின்றன. பழைய தருக்கக்காரர்கள் இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று கொள்வதைத் திரிபு என்றார்கள், அதுவும் நல்ல சொல்தான். ஆனால் கொரோனா வந்துபோன பிறகு திரிபு என்றாலே வைரஸ்தான் நினைவுக்கு வருகிறது.

இதே ஆட்கள் பெர்ஸ்பெக்டிவுக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: முன்னோக்கு. தமிழில் முன்னோக்கு என்றால் முன்பக்கமாகப் பார்ப்பது. ஓவியத்தில் தூரம் போகப்போகச் சிறுப்பதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தொலைவுத் தோற்றம் என்றால் யாருக்கும் புரியும், இல்லாவிட்டால் பெர்ஸ்பெக்டிவ் என்றே எழுதித் தொலையலாம். அதோடு எல்லாக் கேமிலும் இந்தச் சொல்லைத் தூவக்கூடாது. 2019இல் வந்த சூப்பர்லிமினலில் சதுரங்கக் காயைக் கையில் எடுத்துத் தூரச்சுவரைப் பார்த்துவிட்டு விட்டால் அது ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து விழுகிறது. கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைத்ததோ அந்த அளவை அப்படியே காப்பாற்றிக்கொண்டு தொலைவை மட்டும் மாற்றுகிறது கேம். இது தொலைவுத் தோற்றத்தை வைத்துச் செய்யும் வித்தை. மானுமென்ட் வேலியோ தொலைவுத் தோற்றத்தையே எடுத்துவிட்டுச் செய்யும் வித்தை. நேர் எதிரான இரண்டுக்கும் 'முன்னோக்கு மாயை' என்று ஒரே முத்திரை. ஒரு கேமின் தமிழ்க் குறிப்பில் "முன்னோக்கைப் பயன்படுத்தி முன்னோக்கிச் செல்லவும்" என்று பார்த்தேன். எழுதியவர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும்.

ஒளியியல் மாயை என்கிற சொல்லை முழுக்க ஒழித்துவிட வேண்டுமா என்று அந்த நண்பர் விடாமல் கேட்டார். ஒளி உண்மையிலேயே ஏமாற்றுகிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முதலில் தாராளமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதற்கும் கானல் என்று இருக்கிறது, பேய்த்தேர் என்றும் இருக்கிறது.