சிடியோடு வாசித்தால் எல்லாமே சரியாகத்தான் கேட்கும்

"வீட்டுல நல்லாத்தான் வந்துச்சு சார்." வயலின் வகுப்பில் நான் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். பொய்யும் இல்லை. புத்தகத்தோடு வந்த சிடியை ஓடவிட்டுக் கூடவே வாசித்திருப்பார்கள், பதிவில் இருக்கிற கலைஞர் இவர்கள் பிசகிய இடத்தையெல்லாம் மூடிவிட்டிருப்பார். தனியாக வாசிக்கச் சொன்னால் மூன்றாவது வரியிலேயே சுருதி நழுவும்.

ஒன்று செய்து பாருங்கள். ஜி, டி, ஏ, இ என்று மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினில், டி தந்தியில் மூன்றாம் விரலை வைத்து ஜி ஸ்வரம் வாசியுங்கள். விரல் சரியான இடத்தில் இருந்தால், யாரும் தொடாத ஜி தந்தி தானாக அதிரும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும், நாதமும் கொஞ்சம் விரிந்து கேட்கும். விரல் இம்மி நகர்ந்தால் போச்சு, அதிர்வு அடங்கிவிடும். பின்னால் பதிவு ஓடும்போது இதெல்லாம் காதில் விழாது.

அதற்காக சிடியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி உருவாக்கிய சுசுகி முறையே, குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதைப் போல இசையையும் பழக வேண்டும் என்பதில்தான் நிற்கிறது. முதலில் வயலினைத் தொடாமல் கேளுங்கள், அப்புறம் தனியாக வாசியுங்கள், அதை போனில் பதிவு செய்து கேளுங்கள் (முதல் தடவை கொஞ்சம் வலிக்கும்), பியானோ மட்டும் இருக்கிற துணைப் பதிவைக் கடைசியில் எடுங்கள்.

பதிவின் சுருதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்க்க எடுத்துக்கொள்கிற ஏ ஸ்வரம் சிலவற்றில் 440 ஹெர்ட்ஸ், சிலவற்றில் 442. பரோக் வாத்தியங்களில் (பாக் காலத்து, அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டுப் பாணி வாத்தியங்கள்) வாசித்தவற்றில் பெரும்பாலும் 415, அதாவது ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. அப்படியொரு பதிவோடு சேர்வதற்காக நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திய ஒருவர், பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சாய்ந்து, உள்ளே சவுண்ட் போஸ்ட் (மேல், கீழ்ப் பலகைகளுக்கு நடுவே நிற்கும் சிறு மரக்குச்சி) விழுந்து உருளும் வயலினோடு வந்து நின்றார். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கவும், வேகம் மாறாமல் சுருதியை மாற்றவும் இப்போது செயலிகள் இருக்கின்றன, அதில் மாற்றிக்கொள்ளுங்கள், தந்தியில் கை வைக்காதீர்கள். சத்தத்தை ஏற்றி வைத்து அதோடு போட்டி போடவும் வேண்டாம், வயலின் ஏற்கெனவே இடது காதுக்குக் கீழேயே ஒலிக்கிறது.

வாசிக்காமல் கேட்க மட்டும் செய்கிறவர்களுக்கு வேறு குழப்பம். இசைக்குறிப்புப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, பதிவில் வேறு மாதிரி கேட்கிறதே என்பார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் செல்லோவுக்கு (வயலினைவிடப் பெரிய, கீழ் ஸ்தாயி வாத்தியம்) எழுதிய ஆறு சூட்களுக்கு (நடன வகைகளைத் தொடுத்த இசைத் தொகுப்புகள்) அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நம்மிடம் இருப்பவை மனைவி அன்னா மக்தலேனா முதலியோர் எடுத்த நகல்கள், அவற்றில் எத்தனை ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்ப்பது என்பதே நகலுக்கு நகல் வேறுபடுகிறது. செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்ததையும், பரோக் செல்லோவில் யாராவது வாசித்ததையும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேளுங்கள். வில் திரும்புகிற இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், முதல் சூட்டின் முதல் பக்கத்திலேயே இருவரும் பிரிந்துவிடுவார்கள்.