‘சமமாகச் சேரும்’ என்று எழுதினால் போதுமா?

பெங்களூரு பீன்யாவில் சிறிய பட்டறை நடத்தும் கோவைக்காரர் ஒருவர், தம் பங்காளி நிறுவனத்தோடு செய்துகொண்ட 14 பக்க ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரான என்னிடம் வந்தார். பம்பு மோட்டாரின் அதிர்வை அளந்து, பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்லும் கருவியை அவரும் மென்பொருள் நிறுவனமான அந்தப் பங்காளியும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். காப்புரிமையும் (பேடன்ட்) இருவர் பெயரில் கிடைத்துவிட்டது. பணம் தரும் தவணை, காலக்கெடு, வழக்கு எந்த ஊரில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் விரிவாக இருந்தன. உருவாகும் பொருளைப் பற்றி மட்டும் ஒரே வரி: “கூட்டாக உருவாகும் அறிவுசார் சொத்து இரு தரப்புக்கும் சமமாகச் சேரும்.”

கோவைப் பம்பு உற்பத்தியாளர் ஒருவர் அந்தக் கருவியைப் பணம் கொடுத்துத் தாமும் செய்து விற்க உரிமம் கேட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத சம பங்கு உண்டு; அதாவது, இன்ன பகுதி இன்னாருக்கு என்று பிரித்துக் காட்ட முடியாத பங்கு. அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்குப் பழக்கமான அதே ‘பிரிபடாத’தான். ஒவ்வொருவரும் கண்டுபிடிப்பைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் உரிமம் தரவோ, தம் பங்கை விற்கவோ முடியாது. மென்பொருள் நிறுவனம் தானே கருவி செய்து விற்றுக்கொண்டிருந்தது. அதில் என் கட்சிக்காரருக்கு ஒரு ரூபாயும் வராது. மாதம் சில பத்துக் கருவிகளுக்கு மேல் செய்ய வசதியில்லாத அவருக்கோ உரிமத்தொகைதான் உண்மையான வருமானம். அதற்குப் பங்காளி சம்மதிக்கவில்லை. காகிதத்தில் சரிபாதியாக இருந்த உரிமை, கைமுதல் உள்ளவர் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டது. 51ஆவது பிரிவின் கீழ்க் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரிடம் மனுச் செய்து உத்தரவு கேட்க வழியுண்டு. ஆனால் கூடித் தொழில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி அதுவல்ல.

கருவிக்குள் ஓடும் கணினி நிரலுக்குச் சட்டமே வேறு. அதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் பொருந்தும். என் கட்சிக்காரர் விஷயத்தில், நிரலின் ஒரு பகுதியை எழுதியவர் இரு தரப்புக்கும் ஊழியர் அல்லாத, கூலிக்கு அமர்த்திய ஓர் இளைஞர். எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அந்தப் பகுதி அவருடையதுதான். மாற்றித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். சோதனை அளவீடுகள், பட்டறைக் கைப்பக்குவம் போன்ற வணிக ரகசியங்களுக்கோ நம் நாட்டில் தனிச்சட்டமே இல்லை. ஆகவே எவை ரகசியம், எத்தனை ஆண்டுக்கு என்பதை ஒப்பந்தம்தான் சொல்லியாக வேண்டும்.

அவர் பையில், ஊரில் வேறு வேலைக்காக எடுத்த தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலும் இருந்தது. கிணற்றில் சரிபாதி பாத்தியம் என்று எழுதியதோடு அது நிற்கவில்லை. யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் முறை, வாய்க்கால் எந்த வரப்பை ஒட்டிப் போகும், தூர்வாரும் செலவு யாருடையது, பாத்தியத்தை வெளியாருக்கு விற்க நேர்ந்தால் முதலில் யாரைக் கேட்பது என்பது வரை எழுத்தில் இருந்தது. அதை நானும் அவரும் சேர்ந்து படித்த பிறகு, துணை ஒப்பந்தத்தின் வரைவு எனக்கு எளிதாயிற்று. இரு தரப்பும் கூட்டுக்கு முன்பே கைவசம் வைத்திருந்தவற்றைத் தனிப்பட்டியலாக்கிக் கையெழுத்திட்டார்கள். பம்பு, மோட்டார் துறையில் உரிமம் தரும் அதிகாரம் அவருக்கு, மற்ற இயந்திரங்களில் நிறுவனத்துக்கு, தொகையில் எதிர்த்தரப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்தோம். நகல் செய்பவர்மீது யார் வழக்குத் தொடுப்பது, 20 ஆண்டுக் காலமும் காப்புரிமை உயிரோடிருக்க ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது என்பவற்றுக்கும் தனித்தனி ஷரத்து வைத்தோம்.

இளைஞரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். தம் பகுதிக்கு அவர் கேட்கும் தொகை, அன்று வாங்கிய கூலியைப் போலப் பல மடங்கு.